தனியொருவர் கந்தோர்: எமது சட்டத்தரணிகளின் நீண்ட தொழிலும் அவர்கள் விட்டுப்போகும் கடதாசிகளும்

புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களில் விசாரித்தால் அநேகமாக இரண்டு சட்டத்தரணிகளின் பெயர்கள் வெளிவரும். ஒருவர் ஊரில் சீதன உறுதி எழுதியவர். மற்றவர் வந்த நாட்டில் அகதி வழக்கை நடத்தியவர். இருவரும் பெரும்பாலும் தனி ஆட்கள். கூட்டாளிகள் இல்லை, கிளை அலுவலகங்கள் இல்லை. ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு கிளாக்கர், சுவரோடு ஓர் இரும்பு அலுமாரி. முப்பது, நாற்பது வருடத் தொழில் அந்த அறைக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது.

இப்போது அந்த அறைகள் மூடப்படும் காலம். ஊரில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தொழில் தொடங்கியவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் எண்பதுகளின் பிற்பகுதியில் கதவு திறந்தவர்கள் ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். "எங்கட உறுதி அவரிட்டத்தான் இருந்தது, இப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்ற கேள்வி எமது வீடுகளில் அடிக்கடி எழுகிறது. தனியாகத் தொழில் செய்த சட்டத்தரணி யார், அவருடைய தொழில் எப்படி உருவானது, கதவு மூடப்படும்போது எமது கடதாசிகளுக்கு என்ன நடக்கிறது என்பவற்றை இங்கே எழுதுகிறோம். இது பொதுத் தகவல் மட்டுமே. ஒவ்வொரு குடும்பத்தின் விடயத்துக்கும் உரிய சட்ட ஆலோசனையைத் தனியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புக்காத்தும் பிரக்கிராசியும்

எமது பேரன் பேத்திமார் 'சட்டத்தரணி' என்று சொன்னதில்லை. அவர்களுக்கு அப்புக்காத்து இருந்தார், பிரக்கிராசி இருந்தார், நொத்தாரிசு இருந்தார். அப்புக்காத்து, நொத்தாரிசு, அவர்கள் இருந்த கந்தோர், இந்த மூன்று சொற்களும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. சொற்கள் மட்டுமல்ல, எமது வழமைச் சட்டமான தேசவழமை எழுத்தில் ஏறியதும் அவர்கள் காலத்தில்தான். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி அதனைத் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள்.

அப்புக்காத்து நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவர். கட்சிக்காரர் அவரிடம் நேரே போக முடியாது. முதலில் பிரக்கிராசியிடம் போக வேண்டும். அவர் கதையைக் கேட்டு, கடதாசிகளைச் சேர்த்து, 'புறொக்சி' என்ற அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வழக்கைத் தாக்கல் செய்து, தேவையானால் அப்புக்காத்தை அமர்த்துவார். பெரும்பாலான பிரக்கிராசிமார் நொத்தாரிசுமாராகவும் இருந்தார்கள். பிரக்கிராசியாக இல்லாத நொத்தாரிசுமாரும் கிராமங்களில் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் 1974 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது இரண்டு வகுப்புகளும் ஒன்றாக்கப்பட்டன. அன்றிலிருந்து எல்லோரும் சட்டத்தரணிகள்தான். ஆனாலும் பழைய பிரிவு மறையவில்லை. இன்றும் ஒரு வழக்குக்குப் பதிவுபெற்ற சட்டத்தரணி ஒருவர், வாதாட வேறொருவர் என்பதே வழமை.

எமது கவனம் பிரக்கிராசி வழியில் வந்தவர்கள் மீதுதான். மேடைப் பேச்சுகளில் நினைவுகூரப்படுபவர்கள் அப்புக்காத்துகள். தந்தை செல்வாவும் ஜி.ஜி. பொன்னம்பலமும் அப்படிப்பட்டவர்கள். ஒருவர் சிவில் வழக்குகளிலும் மற்றவர் குற்றவியல் வழக்குகளிலும் பெயரெடுத்தவர்கள். அரசியலில் எதிரெதிரே நின்ற அந்த இருவரும் 1976இல் அமிர்தலிங்கம் முதலானோருக்கு எதிராக மூன்று நீதிபதிகள் முன் நடந்த வழக்கில் ஒரே பக்கத்தில் தோன்றியதை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் எமது குடும்பங்களின் பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகளில் அப்புக்காத்தின் பெயர் இருப்பது அரிது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருப்பவர் கோட்டடியிலோ சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இருந்த ஒரு நொத்தாரிசு.

தொழில் எப்படி ஏறியது

1874இல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரியில் சோதனை பாஸ் பண்ணி, ஒரு மூத்தவரிடம் பயிற்சி முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு ஊருக்கு வரும் இளம் சட்டத்தரணிக்கு முதல் சில வருடங்கள் வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மூத்தவரின் பின்னால் கோவைகளைத் தூக்கிக்கொண்டு போவார். அவருக்காகத் தவணை கேட்பார். நீதவான் நீதிமன்றத்தில் சைக்கிள் லைற் இல்லாமல் பிடிபட்டவருக்காகவும் வேலி வெட்டிய சண்டைக்காகவும் எழுந்து நிற்பார். வீட்டிலிருந்து சாப்பாட்டுக்குக் காசு வந்த காலம் அது என்று பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்பவர்கள் உண்டு.

தனி அறை எடுப்பது ஒரு முடிவு. மூத்தவரின் நிழலில் நிற்கும்வரை வழக்குத் தோற்றால் பழி அவருக்கு. சொந்தப் பெயர்ப்பலகை ஏறிய நாளிலிருந்து எல்லாம் தன் தலையில். தவணைத் திகதியைத் தவறவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. காய்ச்சலில் படுத்தால் நண்பர் ஒருவரைக் கெஞ்சித் தோன்றச் சொல்ல வேண்டும். அந்த உதவியைத் திருப்பிச் செய்யவும் வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் ஒருவருக்கொருவர் இப்படித் தோன்றிக்கொண்ட பழக்கம் இல்லாவிட்டால் தனியொருவர் கந்தோர் எதுவும் ஐந்து வருடம் நிலைத்திருக்காது.

உண்மையில் அவர் தனி ஆளும் அல்ல. கிளாக்கர் ஒருவர் இருப்பார். காலையில் முதலில் கந்தோரைத் திறப்பவர் அவர். எந்தக் கோவை எந்தத் தட்டில், எந்தக் கட்சிக்காரர் பீஸ் பாக்கி, எந்தச் சாட்சி உண்மை சொல்வார் என்பது சட்டத்தரணியைவிட அவருக்குத் தெரியும். காணிப் பதிவகத்துக்குப் போய்த் தோம்பு பார்ப்பவரும் அவர்தான். தகப்பன் கிளாக்கராக இருந்த கந்தோரில் மகன் கிளாக்கரான கதைகள் பல.

வழக்குகள் பெயரைக் கொடுத்தன, அடுப்பை எரிய வைத்தது நொத்தாரிசு வேலை. நொத்தாரிசு உத்தரவுப் பத்திரம் எந்த நீதிப் பிரதேசத்துக்கு, எந்த மொழியில் என்று குறிப்பிட்டே வழங்கப்படும். சிலர் தமிழில் மட்டும் எழுதினார்கள், சிலர் ஆங்கிலத்திலும் எழுதினார்கள். கலியாணக் காலம் வந்தால் சீதன உறுதிகள் வரிசையாக வரும். அறுதி உறுதி, ஈட்டுறுதி, ஒற்றி, நன்கொடை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் என்று வருடம் முழுவதும் வேலை.

ஓர் உறுதி பிறக்கும் விதம்

இந்த இடத்தில் சற்று விரிவாக எழுதுகிறோம். எமது குடும்பங்களின் தேவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்திடப்பட வேண்டும். அதனால்தான் பொம்பிளை வீட்டுத் திண்ணையில் மேசை போட்டு, நொத்தாரிசைக் காரில் கூட்டிவந்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் இருத்தி உறுதி எழுதினார்கள். மரணசாசனத்துக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதுவதானால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இடம்பெயர்வுக் காலத்தில் நொத்தாரிசு இல்லாமல் வீட்டிலேயே எழுதிய மரணசாசனங்களில் இந்த ஐந்தாவது கையெழுத்து இல்லாமல் போனால் சிக்கல்தான்.

உறுதி மூன்று பிரதிகளாகப் பிறக்கிறது. மூலப்பிரதி காணி பெற்றவரிடம் போகும். இணைப்பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது அவரிடமே நிற்கும். அதற்குப் பெயர் 'புரோட்டோகோல்'. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வைத்த ஒழுங்கு இது. ஒவ்வோர் உறுதிக்கும் நொத்தாரிசு தனது வரிசையில் ஓர் இலக்கம் போடுவார். முதல் உறுதி எழுதிய நாளில் ஒன்று என்று தொடங்கிய இலக்கம் தொழில் முடியும்வரை கூடிக்கொண்டே போகும். ஒரு நொத்தாரிசின் தொழில் எவ்வளவு நீண்டது என்பதை அந்த இலக்கமே சொல்லிவிடும். சிலர் பல்லாயிரங்களைத் தாண்டினார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது பலர் கையில் எடுத்தது பொலித்தீன் பைக்குள் இருந்த உறுதியைத்தான். எடுக்க முடியாமற் போனவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் இதுதான்: மூலப்பிரதி தொலைந்தால் காணி தொலைந்துவிடாது. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகிய மூன்றும் தெரிந்தால் பதிவகத்தில் உள்ள இணைப்பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். புரோட்டோகோலிலிருந்தும் பெறலாம். மூன்றும் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் பழைய உரிமையாளரின் பெயரையும் வைத்துத் தோம்பில் தேட வேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும், காசும் எடுக்கும். வீட்டில் எவரிடமாவது பழைய போட்டோப்பிரதி இருந்தால் அதன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இன்றே படம் எடுத்து வைக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். இணைப்பிரதி பதிவகத்துக்குப் போவது வேறு, உறுதி பதியப்படுவது வேறு. பதிதல் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியாக நடக்க வேண்டியது. பதியாத உறுதி வைத்திருப்பவருக்கு எதிராக, பின்னர் பணம் கொடுத்து வாங்கி முறையாகப் பதிந்தவர் முன்னுரிமை கோர முடியும். நல்ல பிரக்கிராசி உறுதி எழுதிய கிழமையே கிளாக்கரைப் பதிவகத்துக்கு அனுப்பிவிடுவார். "பிறகு பதிவம்" என்று விட்ட குடும்பங்கள் பின்னர் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது.

ஊர்ச் சட்டத்தரணியின் அறிவு புத்தகத்தில் மட்டும் இருந்ததில்லை. தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண் தனது காணியை உயிருடன் இருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. பங்கில் உள்ள காணியை விற்பதற்கு முன்னர் மற்றப் பங்காளிகளுக்கு வாங்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் முன்வாங்குரிமைச் சட்டத்தில் உள்ளது. இவை அச்சில் உள்ளவை. எந்தப் பங்காளி மலேயாவில், எவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார், முதுசக் காணி எது, தேடியதேட்டம் எது என்பவை அச்சில் இல்லை. மூன்று தலைமுறைக்கு உறுதி எழுதியவரின் தலைக்குள் இருந்தவை அவை. அவர் காலமானதும் அந்த அறிவும் போய்விட்டது.

பிரிவிடல் வழக்குகளில் இது நன்றாகத் தெரிந்தது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டம் வேகப்படுத்தும் நோக்கோடு வந்தாலும், ஒரு கிணற்றுப் பங்குக்காகத் தகப்பன் போட்ட வழக்கில் மகன் சாட்சி சொல்லிப் பேரன் தீர்ப்பெடுத்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. கட்சிக்காரர் மாறினார்கள், நீதிபதிகள் மாறினார்கள், நில அளவையாளர் மாறினார். மாறாமல் இருந்தவர் சட்டத்தரணி மட்டும்தான். அவரும் காலமானால் வழக்கு உடனே அறுந்துவிடாது. புதிய சட்டத்தரணியை நியமிக்கும்படி கட்சிக்காரருக்கு அறிவித்தல் கொடுத்து முப்பது நாள் கழியும்வரை அவருக்கு எதிராக வழக்கை நகர்த்தக்கூடாது என்று சிவில் நடவடிக்கைமுறைக் கோவை சொல்கிறது. அந்த அறிவித்தல் வெளிநாட்டில் இருப்பவரின் பழைய ஊர் விலாசத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

யுத்தகாலத்துத் தொழில்

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தத் தனிக் கந்தோர்களின் வேலையை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியமாக ஏற்கப்படும். அது பயமுறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு கைதானவர் மீது. காணி உறுதி எழுதிக்கொண்டிருந்தவரின் வாசலில் அதிகாலையில் தாய்மார் வந்து நின்றார்கள். "பிள்ளையை எங்கே வைச்சிருக்கினம் எண்டாவது கேட்டுத் தாங்கோ ஐயா" என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த முதல் விண்ணப்பம். ஆட்கொணர்வு மனு எழுதியவர்கள், முகாம் வாசலுக்குக் கடிதத்தோடு போனவர்கள், பீஸ் வாங்காமல் தோன்றியவர்கள் இருந்தார்கள். தோன்ற மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன, குறை சொல்ல எமக்கு மனமில்லை. கொழும்பில் இந்த வகை வழக்குகளில் தொடர்ந்து தோன்றிவந்த குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

இரண்டாவது சட்டத்தரணி

ஊரை விட்டு வந்தவர்கள் வந்திறங்கிய நாட்டில் முதலில் தேடியதும் ஒரு தனிக் கந்தோரைத்தான். பெரிய சட்ட நிறுவனங்களின் கண்ணாடிக் கதவைத் தள்ள எமக்குக் காசும் இல்லை, துணிவும் இல்லை. கடைக்கு மேல் மாடியில், குறுகிய படிக்கட்டு ஏறிப் போகும் அறை. முதலில் இருந்தவர்கள் ஆங்கிலேயர், யூதர், வட இந்தியர். பின்னர் எம்மவர்களும் வந்தார்கள். ஊரில் பத்து வருடம் தொழில் செய்தவர் இங்கே மறுபடியும் சோதனை எழுத வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தவரும், மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றத்தின் மறுபக்கத்தில் நின்றவரும் உண்டு.

அந்தக் காலத்து வழக்குகளைச் சிலவற்றால் நினைவுகூரலாம். கனடிய உயர் நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4ஆம் திகதி சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் கேட்கப்படும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு படகுகளில் மிதந்த 155 தமிழர் கரையேற்றப்பட்டபோது அந்தத் தீர்ப்புக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை. பிரித்தானியாவில் நிலைமை வேறு. 1987 பெப்ரவரியில் திருப்பியனுப்பப்பட இருந்த எம்மவர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதே ஆண்டு முடிவில் சிவகுமாரன் வழக்கில் பிரபுக்கள் சபை எம்மவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1988 பெப்ரவரியில் ஐவர் திருப்பியனுப்பப்பட்டார்கள். நாட்டை விட்டுப் போன பிறகே மேன்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய விதி. கட்சிக்காரர்கள் இலங்கையில், அவர்களின் சட்டத்தரணிகள் லண்டனில், இடையில் தபால். 1989இல் மேன்முறையீடு வென்று அவர்கள் திரும்பி வந்தார்கள். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வில்வராஜா வழக்கில் பிரித்தானியா சாசனத்தை மீறவில்லை என்று சொன்னதும் இந்த ஐவரின் விடயத்தில்தான். சட்டப் புத்தகத்தில் தோற்ற வழக்கு என்று பதிவாகியிருக்கிறது.

இந்தப் பெரிய தீர்ப்புகளுக்குக் கீழே ஆயிரக்கணக்கான சிறிய கோவைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாக்குமூலம். கனடாவில் 2012 டிசம்பர்வரை 'பிஃப்' என்று நாம் அழைத்த படிவத்தில், கேள்விகளுக்குப் பின்னால் சொந்தக் கதையை எழுத இடம் இருந்தது. சட்டத்தரணி மாலை ஆறு மணிக்குப் பிறகு, வேலை முடிந்து வரும் கட்சிக்காரரை இருத்தி, எந்த மாதம், எந்தச் சந்தி, எந்த முகாம், யார் பார்த்தார்கள் என்று கேட்டுக்கேட்டு எழுதுவார். நல்லவர்கள் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள் அல்ல. தகுதியே இல்லாமல் 'சட்ட உதவி' என்று பலகை போட்டவர்கள் இருந்தார்கள். ஒரே கதையில் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிப் பலருக்கு எழுதிக் கொடுத்ததால் நிராகரிக்கப்பட்டவர்களை நாம் அறிவோம். தனிக் கந்தோரின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

அந்த வாக்குமூலங்களைப் பற்றி எமது சமூகம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்றே நினைக்கிறோம். பல தகப்பன்மார் தமக்கு நடந்ததைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மனைவிக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஒரேயொரு தடவை, ஒரு மாடி அறையில், ஓர் அந்நியருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்கள். தட்டெழுத்தில் ஏழு எட்டுப் பக்கம். சில குடும்பங்களில் அந்த ஏழு எட்டுப் பக்கம்தான் இருக்கும் முழு வரலாறு.

கதவு மூடும்போது

ஊரில் நொத்தாரிசு காலமானால் அல்லது தொழிலை விட்டால் அவருடைய புரோட்டோகோல்கள் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே உறுதிகளின் மூன்றாவது பிரதிக்கு ஒரு காவல் உண்டு. ஆனால் 'கவனமாக வைச்சிருங்கோ' என்று நாம் அவரிடம் கொடுத்துவிட்டு வந்த மூலப்பிரதிகள், நில அளவைப் படங்கள், வழக்குக் கோவைகள், எழுதி முடிக்காத வரைவுகள் ஆகியவற்றுக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை. அவை அலுமாரியோடு வாரிசுகளிடம் போகும். வாரிசுகள் சிட்னியில் இருப்பார்கள். வீடு விற்கப்படும். வாங்கியவர் அலுமாரியைப் பழைய இரும்புக்குக் கொடுப்பார்.

அற்றோணித் தத்துவம் கொடுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த கணத்தில் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ரொறன்ரோவில் அம்மா காலமான பிறகு, அவர் கொடுத்த பழைய பத்திரத்தை வைத்து ஊரில் மாமா காணி விற்றால் அந்த உறுதி நிற்காது. இதை முன்பெல்லாம் எமக்குச் சொல்லித் தடுத்தவர் அந்த ஊர்ச் சட்டத்தரணிதான். அதேபோல, காணியைப் பார்க்க விட்டவரிடம் 'அனுமதியோடு இருக்கிறேன்' என்று ஓர் எழுத்து வாங்கி வைத்தவரும் அவர்தான். பத்து வருட ஆட்சி உரிமை கோரும் வழக்கில் அந்த ஒற்றைத் தாள் பெரிய சாட்சி. அது எந்தக் கோவையில் இருக்கிறது என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் தனியாகத் தொழில் செய்யும் சொலிசிற்றருக்கு விதிகள் இறுக்கமானவை. கட்சிக்காரரின் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். தொழிலை வேறொருவர் பொறுப்பேற்காமல் மூடினால், பழைய பிழைகளுக்காக வரும் கோரிக்கைகளுக்கு ஆறு வருடக் காப்புறுதி தொடர வேண்டும். அவர் திடீரென இறந்து பொறுப்பெடுக்க ஆளில்லாவிட்டால் சொலிசிற்றர் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தலையிட்டுக் கோவைகளையும் பணத்தையும் எடுக்கும். அவர்களிடம் எழுதிக் கேட்கலாம். ஒன்ராறியோவில் அவ்வாறே சட்டச் சங்கம் நீதிமன்றக் கட்டளை பெற்றுப் பொறுப்பேற்கும். ஆனால் முடிந்துபோன வழக்கின் கோவையை எந்தச் சட்டத்தரணியும் காலம் முழுக்க வைத்திருக்க வேண்டியதில்லை. சில வருடங்கள் கழிந்ததும் அழிப்பதற்கு அவருக்கு இடமுண்டு. அழிக்கும் இயந்திரத்துக்குள் போவது அந்த ஏழு எட்டுப் பக்கமும்தான்.

ஆகவே பழைய சட்டத்தரணி கந்தோரை மூடப்போகிறார் என்று கேள்விப்பட்டால் ஒரு கடிதம் எழுதுவது நல்லது. நாம் கொடுத்த மூலக் கடதாசிகள் எமக்குச் சொந்தமானவை. பீஸ் பாக்கி இல்லாவிட்டால் மறுக்கக் காரணம் இல்லை. மரணசாசனம் எழுதியிருந்தால் மூலப்பிரதி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். கோவை ஏற்கனவே அழிந்துவிட்டிருந்தாலும் முற்றாக வழி அடைபடவில்லை. பிரித்தானியாவில் உள்துறை அமைச்சிடம் தம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. கனடாவிலும் குடிவரவுத் திணைக்களத்திடமும் அகதிச் சபையிடமும் அவ்வாறு கேட்கலாம். விண்ணப்பிக்க வேண்டியவர் கதை சொன்னவர். அவர் இருக்கும்போது கேட்பது சுலபம். அவர் விரும்பாவிட்டால் வற்புறுத்தவும் கூடாது. அந்தப் பக்கங்கள் முதலில் அவருடையவை.

ஊர்ப் பக்கத்து அலுமாரிக்கு இப்படியொரு விண்ணப்பப் படிவம் கிடையாது. ஆள் விட்டு விசாரிக்க வேண்டும். அந்தச் சட்டத்தரணியிடம் பயின்ற கனிஷ்டர் ஒருவர் அநேகமாக அதே நீதிமன்றத்தில் இருப்பார், சில கோவைகள் அவரிடம் போயிருக்கும். அவருக்கும் தெரியாவிட்டால் கிளாக்கரைத் தேடுங்கள். எண்பது வயதிலும் காலையில் வெள்ளை வேட்டியோடு நீதிமன்றப் பக்கம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும் கிளாக்கர்மார் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். உங்கள் பேரனாரின் பெயரைச் சொன்னால் உறுதி எழுதிய வருடத்தை அவர் சொல்லக்கூடும். அலுமாரித் திறப்பு யாரிடம் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.